நினைவாற்றலும் நம் பிள்ளைகளும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நினைவாற்றலைப் பெருக்கும் வழிகள் என்பது நமக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. சங்கத்தார் இத்தலைப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும் போதெல்லாம் ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நம் குடியிருப்புகளில் ஒரு பேச்சு கேட்கிறது. "நம்ம பிள்ளைங்களுக்குப் படிப்பு தலையில நிக்காதுங்க சார். இன்னும் ரெண்டு வருசம் போனா சிப்காட்ல காண்ட்ராக்ட் வேலைக்கு அனுப்பிடலாம்" என்று பெற்றோரே சொல்கின்றனர். பிறர் இதைச் சொன்னால் நமக்குச் சினம் வரும். நம்மவரே நம்பிச் சொல்லும்போது மனம் வேதனைப்படுகிறது. இந்த எண்ணம் தவறானது என்பதை முதலில் காட்டிவிட்டு, பின்னர் வழிகளுக்குச் செல்வோம்.

நினைவாற்றல் பிறப்பால் வருவது என்று நெடுங்காலம் நம்மிடம் சொல்லப்பட்டு வந்தது. வேதத்தைத் தலைமுறை தலைமுறையாக மனத்தில் காத்தோர் அதனை எவ்வாறு காத்தனர் என்று பார்ப்போம். பதம், கிரமம், சடை, கனம் என்று பல ஓதும் முறைகளை வகுத்தனர். சொற்களைத் தனித்தனியே பிரித்து ஓதினர். இரண்டிரண்டாகச் சேர்த்து ஓதினர். முன்னும் பின்னுமாக மாற்றி ஓதினர். சிறு வயதிலேயே தொடங்கி ஆண்டுக்கணக்கில் இப்பயிற்சி நடைபெற்றது. பிறவியிலேயே நினைவாற்றல் வந்திருக்குமானால் இத்தனை முறைகள் எதற்கு? இத்தனை ஆண்டுகள் எதற்கு? முறையான பயிற்சியே அவர்களுக்குத் துணை நின்றது என்பதற்கு அவர்கள் வகுத்த முறைகளே சான்று.

அதே காலத்து நூலாகிய கௌதம தர்ம சூத்திரம், வேதத்தைக் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தை உருக்கி ஊற்றவும், ஓதினால் நாவை அறுக்கவும் விதித்தது. அதனை மனத்தில் பதித்துக்கொண்டால் உடலையே பிளக்கவேண்டும் என்றது. மூன்று தண்டனைகளில் மிகக் கொடியது நினைவில் வைத்தலுக்கு விதிக்கப்பட்டதைக் கவனியுங்கள். நான்காம் வருணத்தாருக்கே இந்த விதி என்றால், வருணத்திற்கு வெளியே நிறுத்தப்பட்ட நம் முன்னோர் நிலையைக் கூறவேண்டியதில்லை. நினைவில் வைக்க இயலாதவனுக்கு எவரும் இப்படி ஒரு தண்டனையை எழுதி வைக்கமாட்டார்கள். இயலும் என்று அறிந்ததனால்தான் தடுத்தார்கள்.

இனி நம் எல்லைக்கு அப்பாலுள்ள மைசூர் நாட்டுச் செய்தி ஒன்றைக் கூறுவோம். அங்கு ஹொலெயர் சமூகத்தைச் சேர்ந்த ஊர்ப் பணியாளருக்குக் குலவாடி என்று பெயர். இரண்டு ஊர்களுக்கிடையே எல்லைத் தகராறு எழுந்தால் அவரையே அழைப்பார்கள். அவர் ஊர் மண்ணை உருண்டையாக்கித் தலையில் வைத்துக்கொண்டு எல்லையின் மீது நடப்பார். அவர் நடந்த வழியே எல்லை. வழி தவறினால் மண்ணுருண்டை தானே உடைந்துவிடும் என்று மக்கள் நம்பினர். மெக்கன்சி என்னும் ஆங்கிலேய அதிகாரி 1873இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் இதனைப் பதிவு செய்தார். பின்னர் எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூற்றொகுதியிலும் இது இடம்பெற்றது. கையில் ஏடில்லை, எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்தது. எந்த மரம், எந்தக் கல், எந்த ஓடை என்பதெல்லாம் அவருடைய நினைவில் இருந்தன. நிலமோ அவருடையது அன்று. பிறருடைய நிலத்தின் எல்லையைக் காப்பதற்கு நம் நினைவாற்றலை ஊர் நம்பியது. அந்த நினைவாற்றலை நம் பிள்ளைகளின் கல்விக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்பதே இன்று நாம் கேட்டுக்கொள்வது.

அவ்வாற்றல் இன்றும் நம்மிடம் இருக்கிறது. தொழிற்சாலையில் வேலை செய்யும் நம் இளைஞர் எந்த பாகத்துக்குப் பின் எந்த பாகம், எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்கவேண்டும் என்பதைத் தாளைப் பார்க்காமல் செய்கிறார். கட்டட வேலைக்குச் செல்லும் தாய், வாரம் முழுவதும் வரவேண்டிய கூலி, முன்பணம், கடைப்பாக்கி அனைத்தையும் மனக்கணக்காகவே சொல்கிறார். இப்பெற்றோரின் பிள்ளைகள் மறதிக்காரர்கள் என்பது எவ்வாறு பொருந்தும்?

இங்கு ஆசிரியர்களாகிய நம் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பள்ளியொன்றில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருந்தாள். அறிவியல் விடைகளை வரி பிசகாமல் ஒப்பிக்கத் தொடங்குவாள். நடுவில் ஒரு சொல் மறந்தால் அத்துடன் நின்றுவிடுவாள். மறதிக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தோம். ஒப்பிக்காத நாள்களில் வகுப்புக்கு வெளியே நிறுத்தினோம். ஒருநாள் அவளுடைய தாய் பள்ளிக்கு வந்தார். ரோஜாத் தோட்டத்தில் பூக்கட்டும் வேலை அவருக்கு. கட்டுக்கு இருபது பூ. நாள்தோறும் தாய் கட்டிய கட்டுகளின் எண்ணிக்கையை வாரம் முழுதும் மனத்தில் வைத்திருந்து, சம்பள நாளன்று மேஸ்திரியிடம் கணக்குச் சொல்பவள் இந்தப் பெண்தான் என்று அவர் தெலுங்கில் கூறினார். அப்போதுதான் நமக்கு இரண்டு செய்திகள் விளங்கின. அவளுக்கு நினைவாற்றல் குறைவில்லை. அவளுடைய வீட்டுமொழி தெலுங்கு. பாடநூலின் தமிழ் அவளுக்குப் பாதிதான் புரிந்திருந்தது. பொருள் தெரியாத ஒலிகளை அவள் அடுக்கிக்கொண்டிருந்தாள். அதன் பின் பாடத்தைத் தெலுங்கிலேயே பேசிப் புரியவைத்து, பிறகு தமிழில் எழுதப் பழக்கினோம். அவள் முதலிடம் பெற்றாள் என்று மிகைப்படுத்தமாட்டோம்; பத்தாம் வகுப்பில் ஒரே முயற்சியில் தேறினாள். ஆனால் அவள் வெளியே நின்ற நாள்களை நம்மால் திருப்பித் தர இயலாது.

ஆகவே முதலாவது வழி: புரிந்துகொண்ட பின்னரே மனனம் செய்ய வேண்டும். நம் பகுதியில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாக உள்ள குடும்பங்கள் ஏராளம். பிள்ளை பாடத்தை முதலில் தன் வீட்டுமொழியில் தன் சொற்களால் சொல்லட்டும். ஒளிச்சேர்க்கை என்றால், இலை வெயிலைக்கொண்டு தனக்கு உணவு சமைக்கிறது என்று எந்த மொழியில் சொன்னாலும் சரி. பொருள் மனத்தில் அமர்ந்துவிட்டால் ஒரு சொல் மறந்தாலும் வேறு சொல் வந்து கைகொடுக்கும். பொருளில்லாமல் அடுக்கிய சொற்களோ சரம் அறுந்த மணிகளைப்போல் ஒன்று போனால் அனைத்தும் போய்விடும்.

இரண்டாவது வழி: புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பார்த்தல். நம் பிள்ளைகள் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றனர். ஐந்தாம் முறை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றும். அது கண்ணுக்குப் பழகிய தெளிவு. தேர்வு மண்டபத்தில் புத்தகம் இராது. அமெரிக்க உளவியலாளர் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவர் ஒரு பகுதியை இரண்டுமுறை வாசித்தனர். அதே மாணவர் வேறொரு பகுதியை ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டுமுறை வாசித்ததே சற்று முன்னின்றது: 81 விழுக்காடு, மற்றது 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலை மாறியது. இரண்டுமுறை வாசித்ததில் 42 விழுக்காடே நினைவில் இருந்தது. நினைவுகூர்ந்து எழுதியதில் 56 விழுக்காடு இருந்தது. நினைவிலிருந்து வெளியே எடுக்க முயலும் உழைப்பே நினைவை உறுதியாக்குகிறது. எனவே ஒரு பத்தி வாசித்தால், நூலை மூடி, வாய்விட்டுச் சொல்லவேண்டும். முட்டும் இடத்தில் சற்றுப் போராடிவிட்டு நூலைத் திறந்து பார்க்கவேண்டும்.

இதில் எழுத்தறியாத பெற்றோருக்கும் ஒரு பெரும்பணி உண்டு. "எனக்குப் படிக்கத் தெரியாதே, பிள்ளைக்கு என்ன செய்யமுடியும்?" என்று தாய்மார் கேட்கின்றனர். அம்மா, நீங்கள் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். "இன்னைக்கு என்ன பாடம்? எனக்குச் சொல்லு கண்ணு" என்று கேளுங்கள். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பது உங்கள் காதுக்குத் தெரியும். அவ்விடத்தில் நூலைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டால் "ஏன்?" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிட்ட பாடத்தை அப்பிள்ளை எளிதில் மறக்காது.

மூன்றாவது வழி: இடைவெளி விட்டுத் திரும்பிப் பார்த்தல். ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹவுஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு 1885இல் ஒரு நூல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளை மனனம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. ஒருநாள் சென்றபின் மூன்றில் ஒரு பங்கே எஞ்சியது. ஒரு மாதம் சென்றபின்னும் ஐந்தில் ஒரு பங்கு எஞ்சியிருந்தது. மறதி தொடக்கத்தில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது. ஆகையால் நாற்றுக்குத் தண்ணீர் விடுவதுபோல் தொடக்கத்தில் அடுத்தடுத்தும், வேர் பிடித்தபின் நாள் விட்டும் பார்க்கவேண்டும். படித்த அன்றிரவு ஒருமுறை, மறுநாள் ஒருமுறை, மூன்றாம் நாள், ஏழாம் நாள், ஒரு மாதம் கழித்து என்று வைத்துக்கொள்ளலாம். தேர்வுக்கு முந்தைய இரவில் பத்து மணி நேரம் படிப்பதைக் காட்டிலும், அந்தப் பத்து மணி நேரத்தையே பல வாரங்களுக்குப் பங்கிட்டுப் படிப்பது நிலைக்கும்.

நான்காவது வழி: பிரித்துக் கட்டுதல். நம் மனம் ஒரே நேரத்தில் தாங்கும் புதுச்செய்திகள் சிலவே. ஜார்ஜ் மில்லர் என்னும் அறிஞர் 1956இல் அந்த எண்ணிக்கையை ஏழு என்றும், ஆளுக்கு ஆள் ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம் என்றும் எழுதினார். கைப்பேசி எண்ணின் பத்து இலக்கங்களை ஐந்து ஐந்தாகச் சொல்வது நம் வழக்கம். பூக்களை இருபது இருபதாகக் கட்டுவதும் எண்ணிக்கை தவறாமல் இருக்கத்தான். வரலாற்றுப் பாடத்தில் பதினைந்து ஆண்டுகளை ஒரே பட்டியலாகப் படிக்காமல், ஒரு நிகழ்ச்சியைச் சுற்றி மூன்று நான்காகக் கட்டுங்கள்.

ஐந்தாவது வழி: இடங்களில் வைத்தல். ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சைமனிடிஸ் என்னும் கிரேக்கக் கவிஞர் கண்டறிந்ததாக இம்முறையைக் கூறுவர். விருந்து மண்டபம் இடிந்து விழுந்தபோது, யார் யார் எங்கெங்கே அமர்ந்திருந்தனர் என்பதை இடத்தைக்கொண்டே நினைவுகூர்ந்து இறந்தோரை அடையாளம் காட்டினாராம். நம் குலவாடியும் மரத்தையும் கல்லையும் கொண்டே எல்லையை நினைவில் வைத்தார். இம்முறையை இப்போதே செய்து பார்ப்போம். மாணவச் செல்வங்களே, கண்களை மூடிக்கொண்டு வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்து செல்லுங்கள். நம் அரசியலமைப்பின் முகவுரை இந்தியாவை விளக்கும் ஐந்து சொற்களை அவ்வழியில் வைக்கப்போகிறோம்.

வீட்டு வாசற்படியில் இறையாண்மை: உள்தாழ்ப்பாள் நம் கையில் இருக்கிறது, வெளியார் கட்டளையிட முடியாது. தெருக்குழாயடியில் சமதர்மம்: எல்லாக் குடமும் ஒரே அளவு நிறைகிறது. கோயிலும் தேவாலயமும் மசூதியும் கண்ணில்படும் கடைத்தெருவில் சமயச்சார்பின்மை: சாலை எதன் பக்கமும் சாயாமல் நேரே செல்கிறது. வாக்குச்சாவடியாகும் பள்ளிக் கட்டடத்தின் வாயிலில் மக்களாட்சி: வரிசையில் நிற்கும் அனைவருக்கும் ஆளுக்கு ஒரே ஓட்டு. கொடிக்கம்பத்தடியில் குடியரசு: நாட்டின் தலைவர் அரசன் மகனாக இருக்கவேண்டியதில்லை, அங்கு நிற்கும் பிள்ளைகளில் ஒருவராகவும் இருக்கலாம். இப்போது கண்ணைத் திறந்து வரிசையாகச் சொல்லுங்கள். பின்பு பள்ளியிலிருந்து வீடுநோக்கித் தலைகீழாகவும் சொல்லுங்கள். சமதர்மம், சமயச்சார்பின்மை ஆகிய இரண்டும் 1976இல் 42ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்டவை என்பதையும் அந்தந்த இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அண்ணல் அம்பேத்கர் வரைவுக்குழுத் தலைவராக இருந்து உருவாக்கிய சட்டத்தின் வாசலை இனி நாள்தோறும் பள்ளிக்குப் போகும் வழியில் கடப்பீர்கள்.

ஆறாவது வழி: உறக்கமும் உணவும். ஜென்கின்ஸ், டாலன்பேக் என்னும் இருவர் 1924இல் வெளியிட்ட ஆய்வில், படித்தபின் உறங்கியவர்கள், அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களைவிடக் குறைவாகவே மறந்தனர் என்று காட்டினர். பகலில் கற்றதை உறக்கத்தில் மூளை ஒழுங்குபடுத்திச் சேமிக்கிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் உறுதிசெய்கின்றன. விடிய விடியத் தேநீர் குடித்து விழித்திருப்பது படிப்புக்கு உதவாது. இரவு கைப்பேசியை அணைத்துத் தந்தையிடம் கொடுத்துவிடுங்கள். வெறும் வயிற்றுடன் வரும் பிள்ளையின் கவனம் பாடத்தில் நில்லாது. 1982இல் சத்துணவுத் திட்டமும், 2022இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பட்டதைப் படிப்போடு சேர்த்தே எண்ணவேண்டும். நினைவாற்றலுக்கென்று விளம்பரப்படுத்தப்படும் புட்டி மருந்துகளில் கூலிப்பணத்தைச் செலவிடாதீர்கள். வல்லாரைக் கீரையை நல்ல கீரையென்று சமைத்து உண்ணுங்கள். ஆனால் சொல்லிப் பார்க்காத பாடத்தை எந்தக் கீரையும் நினைவில் வைத்துத் தராது.

பயிற்சியால் எவ்வளவு இயலும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. நாஞ்சில் நாட்டுக் கோட்டாற்றைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். பலர் பல துறைகளில் கேட்கும் நூறு செய்திகளில் ஒரே அமர்வில் கவனம் செலுத்தி, எதையும் தவறவிடாமல் விடை தருவது சதாவதானம். இலண்டன் மாநகரிலோ வாடகைக்கார் ஓட்ட உரிமம் வேண்டுவோர் சுமார் 25,000 தெருக்களை மனத்தில் பதிக்கவேண்டும். அவர்களை ஆராய்ந்த எலினார் மக்வயர் குழுவினர், பயிற்சிக்கு முன் மூளையில் வேறுபாடு காணப்படவில்லை என்றும், பயின்று தேறியோரின் மூளையில் இடநினைவுக்குரிய பகுதி வளர்ந்திருந்தது என்றும் 2011இல் வெளியிட்டனர். அவர்கள் வண்டி ஓட்டும் உழைப்பாளிகள். பயிற்சி மூளையையே மாற்றுகிறது.

எனினும் முறைகளை மட்டும் சொல்லிவிட்டுச் செல்வது நேர்மையாகாது. ஒரே அறையில் ஐவர் உறங்கும் வீட்டில், தந்தை இரவு ஷிப்டிலிருந்து திரும்பும் வீட்டில், பிள்ளை எங்கே அமர்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது? நம் பிள்ளைகளுக்கு இல்லாதது மூளையன்று. இடமும் விளக்கும் கேட்பதற்கு ஒரு செவியுமே. இவற்றைத் தருவதற்காகத்தான் இத்தகைய சங்கங்கள் தோன்றின. ஆகவே வெள்ளி விழாக் கண்ட இச்சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். நம் மாலைநேரப் பாடசாலையில் ஒரு மணி நேரத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் இருபது நிமிடம் புதுப்பாடத்தை வாசித்து, வீட்டுமொழியில் பேசிப் புரிந்துகொள்ளட்டும். அடுத்த இருபது நிமிடம் புத்தகங்களை மூடி, இருவர் இருவராக அமர்ந்து ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கட்டும். கடைசி இருபது நிமிடம் நேற்றைய பாடமும் சென்ற வாரப் பாடமும் நினைவுகூரப்படட்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. படித்து வேலைக்குச் சென்றுவிட்ட நம் இளைஞர்கள் வாரத்தில் ஒரு மாலை வந்து அமர்ந்தால் போதும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். மறதிக்காரன் என்று ஒரு பிள்ளைக்குப் பெயர் வைக்குமுன், அப்பிள்ளை எதை நினைவில் வைத்திருக்கிறது என்று ஒருமுறை கேட்டறிவோம். பேருந்து நேரமா, ஆட்டின் ஈற்றுக்கணக்கா, பாட்டி சொன்ன கதையா என்று பார்ப்போம். அங்கு ஓர் ஆற்றல் இருக்கும். அதைப் பாடத்தின் பக்கம் திருப்புவதே நம் பணி.

பெற்றோர்களே, இன்று வீடு திரும்பியதும் "உனக்கு மண்டையில ஏறாது" என்னும் சொல்லை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக "புத்தகத்தை மூடிட்டு எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். பிறர் நிலத்துக்கு எல்லை சொன்ன பெரியவரின் பேரப்பிள்ளைகள் தம் பாடத்தைச் சொல்லுவார்கள். நாம் அமர்ந்து கேட்கவேண்டும்.